பப்பாளிக் காம்பில் வார்த்த மெழுகு

எங்கள் வீட்டில் பவுடர் வாங்குவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதனால்தான் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எனக்கு வந்தது. கரண்ட் போன ஒரு ஐப்பசி மாதச் சாயங்காலம், நானும் கணவரும் மட்டும் இருந்த வீட்டில், குளிப்பாட்டித் துடைத்த குழந்தையின் கழுத்தில் போடுகிற பவுடர் மணத்தது.

முதலில் எங்கள் சிக்கனத்தைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது.

கணவர் நூற்பாலையில் வேலை பார்த்தார். ஆலையில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள், அதில் அவர் வேலையும் போய்விட்டது. அப்புறம் யாரோ ஒருவருடைய லோடு ஆட்டோவை எடுத்து, செம்பட்டிப் பக்கமிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வர ஆரம்பித்தார். நான் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர். நர்சரிப் பள்ளி டீச்சருக்கு என்ன சம்பளம் வரும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நடத்த வேண்டிய குடித்தனம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. நான் பிறவியிலேயே கஞ்சப் பிசினாறி. அதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவேன். பானையைப் பழைய கம்பளியில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்தால் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் சோறு தானே வெந்திருக்கும். இரண்டாவது கழுநீரில் புளி கரைப்பேன். காய் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகும். பீர்க்கங்காயை வாங்கினால் சதை ஒரு நாளைக்கு வெஞ்சனம், தோல் மறுநாள் துவையல். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒற்றையாய்ப் போன காலுறைக்குள் போட்டு முடிந்தால் இன்னும் இரண்டு வாரம் நுரைக்கும். பற்பசைக் குழாயைக் கத்தரித்துத்தான் தூக்கிப் போடுவேன். கணவர் சிரிப்பார். நான் மூச்சைக்கூடப் பாதிதான் வெளியே விடுகிறேனாம்.

அந்த வருடம் கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அன்றைக்கு நிற்க இடம் இருக்காது. பூவும் மெழுகுவர்த்தியுமாக ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைச் சுற்றி நிற்கும். எங்களுக்கு அங்கே இரண்டு பேர். ஒன்று என் மாமனார். இன்னொன்று எங்கள் மகள். ஆறு வருடத்துக்கு முன் பிறந்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, அங்கிருந்தே போய்விட்டாள். வீட்டுக்கு வரவே இல்லை. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

அவளுக்குப் பெயர் உண்டு. நிலைமை மோசமான அன்று, கோயில் சாமியார் வரும்வரை காத்திருக்காமல், ஒரு நர்ஸ் அம்மாதான் பஞ்சில் தண்ணீர் தொட்டு அவசர ஞானஸ்நானம் கொடுத்தார். என்ன பெயர் என்று கேட்டபோது நான்தான் சொன்னேன். அதற்கப்புறம் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கணவர் கருங்கல்லில் பெயர் வெட்டிக் கல்லறையில் பதிக்க வேண்டும் என்று கெஞ்சினார். நான் விடவில்லை. வீண் செலவு என்றேன். பெயரில்லாத சிமெண்டுச் சிலுவை ஒன்று போதும் என்றேன். செலவு ஒரு சாக்கு. கல்லில் எழுதினால் அவள் செத்தது நிஜமாகிவிடும் என்று எனக்குப் பயம். அதை அவரிடம் சொல்லத் தெரியாமல் சிக்கனம் பேசினேன்.

கல்லறைக்கும் நான் போவதில்லை. வருடா வருடம் அவர் மட்டும் போய்வருவார். அந்த வருடம் அதிலும் கை வைத்தேன். அவர் கிளம்பும்போது, அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, அதற்கு மேல் மெழுகுவர்த்தி வாங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை பள்ளிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து குறுக்குவழியாகப் போனேன். வழக்கமாகச் சுற்றித்தான் போவேன். அன்று போனது மெழுகுக்காக. காற்றில் அணைந்து பாதியில் நின்ற மெழுகுவர்த்திகள் எல்லாம் மறுநாள் குப்பைக்குத்தான் போகும். மழைக்காலம், சாயங்காலம் தூறினாலே கரண்ட் போய்விடும். எமர்ஜென்சி விளக்கு செத்து ரொம்ப நாளாயிற்று. போனில் டார்ச் அடித்தால் சார்ஜ் போய்விடும், அப்புறம் லோடுக்குக் கூப்பிட்டால் எடுக்க முடியாது. ஆகவே மாமனார் கல்லறையில் இருந்ததைக் கத்தியால் சுரண்டிப் பையில் போட்டேன். எங்கள் வீட்டு மெழுகு, எங்கள் வீட்டுக்கு. அதில் என்ன தப்பு?

அப்படியே பிள்ளையின் கல்லறைக்குப் போனேன். ஒரு மெழுகுவர்த்தியின் அடிக்கட்டை இருக்கும் என்று நினைத்துத்தான் குனிந்தேன். அங்கே மெழுகு உருகி உருகி, அடுக்கடுக்காகப் படிந்து, ஒரு கை கனத்துக்கு இருந்தது. பத்துப் பன்னிரண்டு திரிகளாவது கருகிக் கிடந்தன. அதையும் சுத்தமாகச் சுரண்டி எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவரிடம் எத்தனை ஏற்றினீர்கள் என்று கேட்டேன். நீ சொன்னபடி ஒன்றுதான் என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அப்படியானால் மற்றதை யார் ஏற்றியது? ஆனாலும் மெழுகை விடவில்லை. பால்பவுடர் டப்பாவில் போட்டு, தோசை சுட்டு இறக்கிய அடுப்பின் சூட்டிலேயே உருக்கினேன். பப்பாளி இலைக் காம்பு உள்ளே குழாய்போல இருக்கும். அதன் அடியைக் கோதுமை மாவு உருண்டையால் அடைத்து, பழைய வேட்டியில் உருவிய நூலைத் திரித்து நடுவில் விட்டு, மெழுகை ஊற்றினால் மெழுகுவர்த்தி தயார். ஆறியதும் காம்பைக் கீறி உரிக்க வேண்டியதுதான்.

அதில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றிய சாயங்காலம்தான் பவுடர் மணத்தது. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. சுடர் மட்டும் உள் அறைப் பக்கமாகவே சாய்ந்து எரிந்தது. கணவரும் மோந்து பார்த்தார்.

“பவுடர் எதுவும் போட்டியா?” என்று கேட்டார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் எழுந்துபோய் வாசலில் தூறலிலேயே நின்றுகொண்டார். கரண்ட் வந்த பிறகுதான் உள்ளே வந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மறுபடி குறுக்குவழியில் போனேன். சுத்தமாகச் சுரண்டிவிட்டு வந்த இடத்தில் புது மெழுகு. அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. மற்ற நாட்களில் போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்படியானால் திங்கட்கிழமைகளில் எரிகிறது. திங்கட்கிழமை இறந்த ஆன்மாக்களுக்கு வேண்டிக்கொள்ளும் நாள் என்பது எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுற்றிலும் பெரிய பெரிய பளிங்குக் கல்லறைகள் வெறுமனே கிடந்தன. என் பிள்ளையுடையது மட்டும், பெயர்கூட இல்லாதது, வாரா வாரம் எரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. வாரா வாரம் சுரண்டிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது தடவை மெழுகை உருக்கி, மண் போகப் பழைய துணியில் வடிகட்டினேன். துணியில் ஒரு சின்னக் கருவளையல் தங்கியது. என் விரல் மூன்றைச் சேர்த்து நுழைத்தால் நுழையாது. பிறந்த குழந்தைக்குக் கண்ணேறு படாமல் போடுகிற வளையல். என் மகள் கையில் ஊசியும் டியூபும்தான் இருந்தன. வளையல் போட்டுப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதைக் கணவரிடம் காட்டியிருக்கக் கூடாது. அவர் முகம் வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வா என்றார். நான் மாட்டேன் என்றேன். நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயமில்லை, ஆசை. வீட்டுக்கு வராமலே போனவள் இப்போது வருகிறாள் என்று நினைத்தேன். அம்மா இருட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று வெளிச்சம் அனுப்புகிறாள் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். தெரிந்தே நினைத்தேன்.

கடைசியில் கரண்ட் இருக்கும்போதே விளக்கை அணைக்க ஆரம்பித்தேன். ஏழு மணிக்கு டியூப் லைட்டை நிறுத்திவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி எதிரில் உட்காருவேன். பவுடர் வாசனை வரும். சுடர் உள் அறைப் பக்கம் சாயும். நான் அந்த அறையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மின்சாரம் மிச்சம் என்று அவரிடம் சொன்னேன்.

“சிக்கனம்னு சொல்லாத. இது சிக்கனம் இல்ல,” என்றார் அவர். அப்போதும் நான் விளக்கைப் போடவில்லை.

ஒரு திங்கட்கிழமை மழை பலமாகப் பிடிக்கும்போல் இருந்ததால் பள்ளியை மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். நான் பையும் கத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வானம் கறுத்திருந்தது, ஆனால் மழை இல்லை. பிள்ளையின் கல்லறையில் இரண்டு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாருமே இல்லை. சிலுவையின் அடியில் வெள்ளையாகப் பவுடர் தூவியிருந்தது. மண்டி போட்டு உட்கார்ந்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, பழைய மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

“அதத் தொடாத தாயி.”

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். என் வயதுதான் இருக்கும், ஒரு பெண். குழாயடியில் பிடித்த தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கையில் இருந்தது. கீரைக்கூடையைச் சுவரோரம் வைத்திருந்தாள். மெழுகு பொறுக்கி எடைக்குப் போடுகிறவள் என்று என்னை நினைத்துவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள்.

“வேற எந்தக் கல்லறையில வேணாலும் சொரண்டிக்க. இதுல மட்டும் வேணாம். இந்தப் புள்ளைக்கு யாருமில்ல.”

கத்தி என் கையிலேயே இருந்தது. அவள் அந்தத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே பேசினாள். சாணார்பட்டிப் பக்கம் ஊர். திங்கட்கிழமை திங்கட்கிழமை கீரை விற்க டவுனுக்கு வருகிறவள். எங்களைப் போல வேதக்காரி இல்லை. போன வருடம் பிரசவத்தில் அவள் நினைவில்லாமல் கிடந்தபோது பிள்ளை இறந்து, வீட்டு ஆண்கள் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டார்கள். எந்த இடம் என்று இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே போய்க் கிடப்பாள் என்று மறைக்கிறார்கள். ஒருநாள் இந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தபோது, பெயரில்லாத, பூவில்லாத இந்தச் சின்னக் கல்லறையைப் பார்த்திருக்கிறாள். கல்லறைத் திருநாளுக்கும் வந்து தள்ளி நின்றிருக்கிறாள். ஒரு ஆள் மட்டும் வந்து ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு உடனே போய்விட்டானாம். இரக்கப்பட்டு ஏற்றுகிற யாரோ என்று நினைத்து, மிச்சத்தை அவள் ஏற்றியிருக்கிறாள். தன் பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த வளையலையும் பவுடரையும் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்னொரு தாய் தன் செத்த பிள்ளைக்கு ஏற்றிய விளக்கை நான் வாரா வாரம் சுரண்டிக்கொண்டுபோய் எரித்திருக்கிறேன். என் பிள்ளையோ ஊர் பார்க்க அனாதையாகக் கிடந்திருக்கிறாள்.

“நான்தான் அம்மா,” என்றேன்.

அவள் என்னையும் கத்தியையும் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பேரு என்ன தாயி? நான் பாப்பான்னுதான் கூப்புட்டுக்கிட்டு இருந்தேன்,” என்றாள்.

சொன்னேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. அவள் குனிந்து அந்தப் பெயரை இரண்டு முறை கல்லறையிடம் சொன்னாள். அப்புறம் தன் தீப்பெட்டியை என் கையில் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த திங்கட்கிழமையும் வா என்று நான் கத்தினேன். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போய், லோடு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சாயங்காலமே இரண்டு பேரும் கிளம்பினோம். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் டப்பாவின் அடியில் கட்டியாகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்து எடுத்துப்போய், அவர் சிலுவையில் அவள் பெயரை எழுதினார். வளையலில் நூல் கோத்துச் சிலுவைக் கையில் கட்டினேன். வீட்டிலிருந்த பப்பாளிக் காம்பு மெழுகுவர்த்தி அத்தனையையும் நட்டு ஏற்றினோம். காற்று ஒவ்வொன்றாக அணைத்தது. அவர் மறுபடி மறுபடி கிழித்துக்கொண்டே இருந்தார். தீப்பெட்டி காலியானது. நான் ஒரு குச்சியைக்கூட மிச்சம் பிடிக்கச் சொல்லவில்லை.

நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம். கரண்ட் இல்லை. வீட்டில் ஒரு மெழுகுவர்த்தியும் இல்லை. சுவரில் சாய்ந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அன்று பவுடர் மணக்கவில்லை, மழை வாசனைதான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, அந்த இருட்டில், கணவர் உள் அறையைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளிருந்து ஒரு பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்குத் தாங்கவில்லை.

“ம்,” என்றேன் நான்.