நெற்றியில் எழுதிய நேரம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்கும்போது ஒரு பஸ் என் அண்ணனின் இடது காலில் ஏறியது. நான் இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். பத்திரிகைக்கு எத்தனையோ விபத்துச் செய்திகள் எழுதியவன். அன்று என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே தையல்கடை வைத்திருக்கும் பெண் ஓடி வந்தார். வன்னியிலிருந்து வந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. கையில் லைனிங் துணியும் அளவு பார்க்கும் தடித்த மர அடிமட்டமும். தொடையைச் சுற்றித் துணியைக் கட்டி, முடிச்சுக்குள் அடிமட்டத்தைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்கினார். அண்ணன் அலறினார்.

கூட்டத்தில் ஒருவர், "கட்டை அவிழுங்கோ! ஆளைச் சாக்காட்டப் போறா" என்றார்.

"கத்துற ஆள் சாகாது. நீங்கள் தள்ளி நில்லுங்கோ" என்று அவரை விலக்கிவிட்டு என்னிடம் திரும்பினார். "அண்ணா, பேனையைத் தாங்கோ."

என் சட்டைப்பையிலிருந்த பேனாவால் அண்ணனின் நெற்றியில் எழுதினார்: 4.10.

"கட்டின நேரம். டொக்டர் பாக்குமட்டும் துடைக்க விடாதேங்கோ. நான் கட்டினதெண்டு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்."

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணர் அந்த நெற்றியைச் சிறிது நேரம் பார்த்தார். போர்க்காலத்தில் வடக்கில் இராணுவ ஆஸ்பத்திரியில் வேலை செய்தவராம். கட்டிய நேரத்தை நெற்றியில் எழுதுவதை அங்கேதான் பழகினாராம்.

"கட்டியது ஆமிக்காரரா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஆம் என்றேன். செய்தியில் ஒரு பெயர் பிழையாக வந்தாலும் மறுநாள் திருத்தம் போட்டவன் நான். இதைத் திருத்தவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது. கட்டு இல்லையென்றால் ஆளே வந்து சேர்ந்திருக்கமாட்டார் என்றார் நிபுணர்.

அடுத்த கிழமை தையல்கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தினார்.

"ஆமிக்காரன் எண்டே சொன்னனீங்கள்?" சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டார். "ஆள் இருக்கிறார்தானே?"

"இருக்கிறார். நேற்று இரண்டு இடியப்பம் சாப்பிட்டவர்."

"அங்கை சண்டைக்குள்ளை காயப்பட்ட ஆக்களைக் கட்டிக் கட்டி ட்ரக்டரிலை ஏத்தி அனுப்பினனாங்கள். ஆர் பிழைச்சது, ஆர் செத்தது, ஒண்டும் தெரியாது. ஒருத்தரும் வந்து சொன்னதில்லை."

நான் கொண்டுபோன பைக்குள் அண்ணனின் காற்சட்டைகள் இருந்தன, இடது பக்கத்தைக் குறைப்பதற்கு. அளவு எழுதிய சீட்டைக் கொடுத்தேன். அவர் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.