காப்ரியல் திருத்திய செய்தி

மலேசியாவின் அசாம் ஜாவாவில் காப்ரியலைத் தெரியாதவர்கள் குறைவு. தோட்டத்து லயத்தில் பிறந்து, செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டியே மகன் ஜேடனை எஞ்சினியராக்கிய மனிதர். உழைப்புக்கு அஞ்சாதவர். அடுத்தவனை யாராவது பாராட்டினால் மட்டும் வயிறு எரியும். தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் புது மோட்டார் சைக்கிள் வாங்கிய மாதம் காப்ரியல் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதியாகச் சோறு இறங்கவில்லை.

அந்த எரிச்சல் கடைசியில் சம்பந்தி பேட்ரிக்கிடம் வந்து நின்றது. மருமகள் கிளாரிஸ்ஸாவின் அப்பா. கோலா குபு பாருவில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்று, பக்கத்து ஊரான ராசாவில் இருப்பவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் 'தெரியுமா?' என்று ஒரு செய்தி போடுவார். அந்த வாரம் ஒரே மாதிரிப் பெயர் கொண்ட அரபுத் தலைவர்கள் அவரிடம் மாட்டிக்கொண்டார்கள்.

'ஜோர்டான் மன்னர் ஹுசேனுக்கு, வானொலிக் கருவியில் முகம் தெரியாதவர்களோடு பேசுவது பொழுதுபோக்கு. ஈராக்கின் சதாம் ஹுசேனோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சதாமுக்கு ஹுசேன் என்பது அப்பா பெயர். நம் அடையாளக் கார்டில் ஆனாக் லெலாக்கி, அதாவது இன்னார் மகன், என்று போட்டு அப்பா பெயர் வருகிறதே, அதுபோல.'

குழு முழுக்கக் கட்டைவிரல்கள். "சம்பந்திக்கு எவ்வளவு விசயம் தெரியுது பாருங்க" என்றாள் காப்ரியலின் மனைவி கான்ஸ்டன்ஸ்.

"கூகள்ல பாத்துப் போடுறதுக்கு மூளை வேணுமா லா?" என்று காப்ரியல் எழுந்து போய்விட்டார்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜேடனுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்துக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. தன் பெயரை வைக்க வேண்டுமென்று காப்ரியல் தவம் கிடந்தார். வாய்விட்டுக் கேட்கக் கௌரவம் விடவில்லை. அதற்குள் பேட்ரிக் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் வேறு.

மறுநாள் செய்தி வந்தது. 'எகிப்தில் இரண்டு புத்ரோஸ் காலி உண்டு. ஒருவர் 1910-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர். மற்றவர் ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த புத்ரோஸ் புத்ரோஸ் காலி. தாத்தாவும் பேரனும். புத்ரோஸ் என்றால் நம்ம பீட்டர்தான். தாத்தா பெயரைச் சுமப்பவன்தானே பெயரன்? நம் வீட்டிலும் ஒரு பெயரன் வந்திருக்கிறான்!'

அடி போடுகிறான் பார்! காப்ரியலுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. முதல் நாள் படித்த பாடம் கைகொடுக்க, விறுவிறுவென்று தட்டினார்: 'தப்பு சம்பந்தி. அந்தப் பேர்ல ரெண்டாவதா வர்ற புத்ரோஸ் அவரு அப்பா பேரு. ஆனாக் லெலாக்கி. நீங்கதானே நேத்து சொன்னீங்க? தாத்தா பேரைப் புள்ளைக்கு வைக்கிறதெல்லாம் பழைய பஞ்சாங்கம். எங்க வீட்டுப் புள்ளைக்கு அது வேணாம்.'

'அவர் அப்பா பெயர் யூசுஃப், சம்பந்தி' என்று மட்டும் பேட்ரிக் பதில் போட்டார். அப்பா யாராக இருந்தால் காப்ரியலுக்கென்ன? பேட்ரிக் என்ற பெயர் ஒழிந்தது, அது போதும். தன் பெயரும் கூடவே ஒழிந்தது அந்தச் சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

ஞானஸ்நானத்தன்று கோயிலில் ஃபாதர் பெயர் கேட்டபோது, "நேத்தன்" என்றான் ஜேடன். அப்போதுதான் காப்ரியலுக்கு உறைத்தது.

விருந்தில் கிளாரிஸ்ஸா குழந்தையை அவர் மடியில் வைத்தாள். "மாமா, உங்களுக்குப் பிடிக்கலன்னுதான் மாத்திட்டோம். முதல்ல காப்ரியல்னு வைக்கத்தான் இருந்தோம். எங்க அப்பாதான் உங்க பேரை வைக்கச் சொன்னாரு. அதுக்காகத்தான் அந்தச் செய்தியையே போட்டாரு."

எதிரே பேட்ரிக் யாருக்கோ பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார். காப்ரியலுக்கு அழுகை முட்டியது. அதையும் மீறி வயிறு எரிந்தது. பிள்ளைக்குப் பேட்ரிக் என்று வையுங்கள் எனச் சொல்ல, தனக்கு இந்த ஜென்மத்தில் வாய் வந்திருக்காது.