அந்தப் பக்கத்து முட்டு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். கள்ளக்குறிச்சிக்கு வெளியே, ரிஷிவந்தியம் போகும் ரோட்டில் எங்கள் வீடு பாதி கட்டிய நிலையில் நின்றது. கணவருக்கு வெளிநாட்டில் வேலை. கொத்தனாரிடம் பேசுவது, மணல் இறக்குவது, சுவருக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் நான்தான்.

மறுநாள் புயல் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொன்னதும், கல்வராயன் மலையிலிருந்து வந்து வேலை செய்த ஆட்கள், பஸ் நின்றுவிடும் என்று காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் மலைமேல் ஒரு கூரை இருக்கிறது. சிமெண்ட் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். சென்ட்ரிங் பலகைகளை அடுக்கி மேலே கல் வைத்தேன். கணவருக்குப் போன் செய்தால், ஜாக்கிரதையாக இரு என்றார். அங்கிருந்து அவரால் அவ்வளவுதான் முடியும். அத்தனை பெரிய மனையில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க, எனக்கு அழுகையாக வந்தது.

அவர்களோடு போன கொத்தனார் மத்தியானம் ஊரிலிருந்து போனில் கூப்பிட்டார். முந்தாநாள் எழுப்பிய சுற்றுச்சுவர் இன்னும் ஈரம் காயாமல் இருக்கிறதாம். "சவுக்குக் கழிய வெச்சி ரெண்டு பக்கமும் முட்டு குடுத்துடுங்க மேடம். ஒரு பக்கம் மட்டும் குடுத்தா, காத்துக்கு அந்தப் பக்கமா சாஞ்சிடும்" என்றார்.

அந்தப் பக்கம் என்பது அடுத்த வீட்டு அம்மாவின் சமையற்கட்டு. தகரக் கூரை, சுவரை ஒட்டியே இருக்கும். எல்லைக்கல்லுக்காக நிலம் அளந்த அன்று இருவரும் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டோம். அப்புறம் எட்டு மாதமாக முகம் பார்ப்பதில்லை. அவரும் கூலி வேலைக்குப் போய்வரும் தனியாள்தான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் பக்கம் ஆறு கழிகளை முட்டுக் கொடுத்ததும், டவுனில் இருக்கும் வாடகை வீட்டுக்குப் போக ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன். அவர் பாடு, அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. தெருமுனை வரைக்கும் போனேன். காற்று வண்டியைத் தள்ளியது. சுவர் எந்தப் பக்கம் விழவேண்டும் என்று நானே ஏற்பாடு செய்துவிட்டு வருகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வண்டியைத் திருப்பினேன்.

என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சுவருக்கு மேல் எட்டி "ஏங்க" என்றேன். வந்தார். விஷயத்தைச் சொன்னேன். உடனே கையை நீட்டினார். கழிகளை ஒவ்வொன்றாகச் சுவருக்கு மேலாகக் கொடுத்தேன். அவர் அடியில் கல் வைத்து இறுக்கினார். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது, முகம் தெரியவில்லை.

முடிந்ததும், இன்றைக்கு அந்தச் சமையற்கட்டில் இருக்க வேண்டாம் என்றேன்.

"ஈர சொவுராச்சேன்னு அடுப்பு, பாத்திரம்லாம் காலைலயே வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போயிட்டேங்க. நீங்க இன்னா வந்து சொல்லவா போறீங்கன்னு நெனச்சேன்" என்றார். அதில் கோபமே இல்லை.

சுவர் நின்றது. இப்போது பூசி வெள்ளையும் அடித்தாயிற்று. வழியில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம், அவர் என்னைப் பற்றி நினைத்தது தெருமுனை வரைக்கும் சரியாகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.