மீன் பெட்டியில் ஊட்டி

என் மகள் பொய் சொல்லவில்லை. "எங்கப்பா கோல்ஃப் ஆடுவார்" என்று மட்டும்தான் சொன்னாள். மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு விடுதிக்குப் பின்னால், தென்னை மரங்களுக்கு நடுவே புல் வளர்த்து வைத்திருக்கும் ஒரு சின்ன மைதானம் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பந்தைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பதைத்தான் அவள் ஆடுவது என்று நம்பியிருந்தாள்.

அந்தப் பழக்கம் எனக்கு ஆபீஸில் ஒட்டிக்கொண்டது. காருக்கு ஹார்ன் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் கொரிய மேனேஜர், துணைக்கு வேறு ஆள் கிடைக்காமல், என்னை இழுத்துக்கொண்டு போவார். ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய மட்டைகளையும் ஒரு பை நிறையப் பந்துகளையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். என் மனைவி அதை இன்றுவரை "கொரியாக்காரன் மூட்டை" என்றுதான் சொல்கிறாள்.

மகள் அப்படிச் சொன்னது, தான் கட்டிக்கொள்ள விரும்பிய பையனிடம். இரண்டு பேருக்கும் சென்னையில் ஒரே ஆபீஸ். பையனுக்கு ஊர் ஊட்டி. அம்மா இல்லை, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா மட்டும்தான். பையன் போய் விஷயத்தைச் சொன்னபோது அந்த மனிதர் சாதியும் கேட்கவில்லை, சொத்தும் கேட்கவில்லை. "பொண்ணோட அப்பா கோல்ஃப் ஆடுவாரா? சரி, வரச் சொல்லு. சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடினா ஆள் எப்படின்னு தெரிஞ்சுடும்" என்றாராம். வேறு எதைக் கேட்டிருந்தாலும் நான் சமாளித்திருப்பேன்.

"அவரு மனசார சரின்னு சொல்லாம நாங்க கட்டிக்கப் போறதில்லப்பா" என்றாள் மகள். "நீ ஜெயிக்கல்லாம் வேணாம். ஒழுங்கா ஆடிட்டு வந்தா போதும்."

சின்ன வயதில் ஒரு பொம்மைக்குக்கூட அடம் பிடிக்காத பெண். முதல் தடவையாக ஒன்றைக் கேட்கிறாள், அதுவும் என்னால் முடியாததாகப் பார்த்துக் கேட்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டு மாடிக்குப் போய்த் தனியாக நின்றுகொண்டிருந்தேன்.

தை மாசக் கடைசியில் வரச் சொல்லியிருந்தார். அப்போது ஊட்டியில் விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும் என்று பையன் பெருமையாகச் சொன்னான். போனில் தேடிப் பார்த்தேன். குளிரில் பந்து இறுகிவிடுமாம், தூரம் போகாதாம். கெட்டியான பந்தை அடித்தால் உள்ளங்கை விண்விண்ணென்று தெறிக்குமாம். அதனால் உள்ளே மெத்தென்று இருக்கும் பந்தாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஆட்டத்தின் நடுவே பந்தைச் சூடுபடுத்தினால் விதிப்படி குற்றமாம். எல்லாம் சரி, மூட்டையில் இருந்த பந்துகளில் மெத்தென்ற பந்து எது? விரலால் அமுக்கிப் பார்த்தால் எல்லாமே கொட்டாங்கச்சி. அடித்துப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் குளிரில் அடித்துப் பார்க்க வேண்டும். குளிருக்கு நான் எங்கே போவேன்?

நாங்கள் இருக்கும் செங்கல்பட்டில் குளிர் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. மார்கழி விடிகாலையில் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு நிற்பவர்கள் குரங்குக் குல்லா போட்டிருப்பார்கள், குல்லாவுக்கு உள்ளே வியர்த்துக்கொண்டிருக்கும். நானும் போட்டுக்கொண்டுதான் நிற்பேன்.

முதலில் ஃப்ரிஜ்ஜில் வைத்துப் பார்த்தேன். காலையில் மாவு எடுக்கப் போன மனைவி கத்தினாள்.

"ஏங்க, தோசை மாவாண்ட இன்னாத்துக்கு இந்தக் கருமம் எல்லாம் கீது?"

"ஊட்டிக்குப் பழக்கறேன்."

"பந்தையா? நீங்க போய் உள்ள குந்திக்கினு பழகுங்க. பந்து எங்கனா போய் வுயும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அது போக, ஃப்ரிஜ்ஜில் குளிர வைத்த பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது பழையபடி செங்கல்பட்டுப் பந்தாகிவிடுகிறது. குளிரும் வேண்டும், அடிக்க வெட்டவெளியும் வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும். அந்த யோசனையிலேயே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடப்பாக்கத்து நண்பனின் ஞாபகம் வந்தது. என்னோடு காலேஜில் படித்தவன். கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, வேனில் சென்னைக்கு அனுப்புகிறான். பெரிய பெரிய பெட்டிகளில் நொறுக்கின ஐஸ், பக்கத்திலேயே இடிந்த கோட்டை வரைக்கும் காலி மணல். எனக்கு என் மூளையை நினைத்தே பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே போய் இறங்கினேன். நண்பன் மூட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மச்சான், நல்லாத்தான கீற?"

விஷயத்தைச் சொன்னேன். கல்யாணம் என்றதும் அவனுக்கு மனசு இளகிவிட்டது. வஞ்சிரம் அடுக்கியிருந்த பெட்டியைத் திறந்து, மீன்களை ஓரமாகத் தள்ளி, பந்துகளை உள்ளே புதைத்து மூடினான். டீ குடித்துவிட்டு வந்து எடுத்தோம். தொட்டதும் விரல் மரத்துப்போயிற்று. அசல் ஊட்டி.

மேனேஜர் கோயில் பிரசாதம் மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருந்த உசத்திப் பந்தை முதலில் அடித்தேன். 'டக்' என்று கல்லில் அடித்த சத்தம். கையில் கரண்ட் பாய்ந்தது. பந்து கொஞ்ச தூரத்தில் ஒரு படகின்மேல் போய் விழுந்தது. அடுத்து, ஓரமாகக் கிடந்த சாதாரணப் பந்து. 'பொத்' என்றது, கை வலிக்கவில்லை. ஹார்ன் சத்தத்திலேயே காலம் தள்ளுகிறவனுக்கு இந்தக் காது போதும். அடித்த பந்துகளைப் பொறுக்கி வந்து, டக் எல்லாம் ஒரு பக்கம், பொத் எல்லாம் ஒரு பக்கம் என்று மணலில் பிரித்து வைத்தேன். பொத்தில் வெள்ளையும் இருந்தது, மஞ்சளும் இருந்தது. எதை எடுத்துப் போவது என்று பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சார்! என்ன சார் பண்றீங்க!"

திரும்பினால், தொப்பி போட்ட ஒரு பெண், கையில் குச்சியோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். தை மாசத்தில் கடலாமைகள் கரையேறி முட்டையிடும். அந்த முட்டைகளை நாய் தோண்டாமல் காப்பாற்றுவதற்காகத் தினமும் கரையோரம் நடந்து பார்க்கிற தன்னார்வலர்களில் ஒருத்தி அவள். ஆமை முட்டை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உருண்டையாக, வெள்ளையாக, கிட்டத்தட்ட இதே அளவில் இருக்கும். மணலில் வரிசையாக வெள்ளை உருண்டைகள், பக்கத்தில் ஐஸ் பெட்டி, நடுவில் குரங்குக் குல்லா போட்ட ஒரு ஆள்.

"ஆமை முட்டையை ஐஸ்ல போட்டுக் கடத்தறீங்களா? ஃபாரஸ்ட்டுக்கு போன் பண்றேன்!"

"அய்யோ, முட்டை இல்லம்மா, பந்து" என்றேன். நம்பவில்லை. பதற்றத்தில் எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. ஒரு வெள்ளைப் பந்தை மணல்மேல் வைத்து, மட்டையை ஓங்கி அடித்தேன்.

அவள் போட்ட அலறலில் ஏலத்துக்கு நின்றிருந்த பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். பந்து உடையாமல் பறந்து போய் அலையில் விழுந்ததை நண்பன் கையைக் காட்டி விளக்கினான். ஒரு மீன்கார அம்மா மணலில் இருந்த ஒரு பந்தை எடுத்து, கடித்தே பார்த்துவிட்டு, "முட்டை இல்லம்மா, அந்த அண்ணாத்தைக்குத்தான் இன்னாவோ ஆயிட்ச்சி" என்று தீர்ப்பு சொன்னாள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அந்த வெள்ளையை மட்டும் பீச்ல எடுக்காதீங்க சார்" என்றாள்.

குளிர்காலத்துக்கு நான் மஞ்சள் பந்தைத் தேர்ந்தெடுத்தது இப்படித்தான். பனியில் மஞ்சள் பளிச்சென்று தெரியும் என்று பிறகு ஊரெல்லாம் காரணம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் நாற்றம் தெரிந்தது. கோல்ஃப் பந்து முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் வஞ்சிரம் குடியேறியிருந்தது. சோப்புப் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டே புளியும் கல்லுப்பும் போட்டு மீன் கழுவுகிற மாதிரியே கழுவித் தந்தாள். எங்கள் மூக்குக்கு வாசனை போய்விட்டது. எங்கள் மூக்கு கடப்பாக்கத்து மீனில் வளர்ந்த மூக்கு என்பதை அப்போது யோசிக்கவில்லை.

ஊட்டியில் பையனின் அப்பா ஒல்லியாக, உயரமாக, பேசுவதற்குக் கூலி கேட்கிறவர் மாதிரி நின்றிருந்தார். "வாங்க சார்" என்றார், அவ்வளவுதான். மூடுபனியில் குழியைக் காட்டும் கொடியும் தெரியவில்லை, குழியும் தெரியவில்லை. முதல் அடியில் என் மஞ்சள் பந்து 'பொத்' என்று எழும்பி நேராகப் போனது. எனக்கே ஆச்சரியம். பனிக்குள் இருந்து ஒரு நாய் வந்து பந்தை முகர்ந்தது, நக்கியது, வாயில் கவ்விக்கொண்டது.

துரத்திப் பிடுங்கினேன். "நாய் எடுத்தா தப்பில்ல. இருந்த இடத்துல வெச்சு ஆடுங்க சார்" என்றார் அவர். அடுத்த அடிக்குள் அந்த நாய் தன் சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் அடிப்பேன், அவை ஓடும், நான் அவற்றின் பின்னால் ஓடுவேன். அவருடைய வெள்ளைப் பந்தை ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. புதருக்குள் போன என் பந்தை ஒரு நாய் கவ்வி வந்து கொடிக்குப் பக்கத்திலேயே போட்டது. பனியில் அவர் அதைப் பார்க்கவில்லை. மனசு ஒரு நிமிஷம் சபலப்பட்டது. மகள் முகம் வேறு கண்முன் வந்தது. "இது நாய் போட்டது சார், புதர்லதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அவர் அந்தப் பந்தை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"மீனா?"

"வஞ்சிரம் சார்."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? மீன் பெட்டி, ஆமை முட்டை, மனைவியின் புளி என்று எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க ஊர் குளிரு எங்கூர்ல அங்கதான் சார் கிடைக்கும். பொண்ணு கேட்டுச்சு. தெரியாம வந்து நின்னுடக் கூடாதுன்னு பார்த்தேன்" என்று முடித்தேன். அவர் திரும்பி முன்னால் நடந்தார். அவர் தோள்கள் குலுங்கின. ராணுவக்காரருக்கே இவ்வளவு குளிர்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். புறப்படும்போது "பார்க்கலாம் சார்" என்றார்.

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "பரவாயில்லப்பா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அடுத்து வந்த நாட்களில் அவள் சாப்பிட்ட தட்டைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மூட்டையைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வீட்டில் கோல்ஃப் என்ற பேச்சே எழவில்லை.

மாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஊட்டி நம்பர். என் கை ரசச்சோற்றில் இருந்தது, மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சம்பந்தி, ஒரு சந்தேகம்" என்றது அந்தக் குரல்.

மகள் நிமிர்ந்தாள்.

"வைகாசியில உங்க ஊர்லயே கல்யாணத்தை வெச்சுக்கலாம்னு பசங்ககிட்ட சொல்லலாம்னு இருக்கேன். அப்ப நாம ஒரு ஆட்டம் ஆடணும். உங்க வெயிலுக்கு எந்தப் பந்து சரிப்படும்னு தெரியல. இங்க வெயிலுக்கு எங்க போறது? வர்க்கி பிஸ்கட் சுடற பேக்கரியில கேட்டு, அடுப்புல வெச்சுப் பார்த்தேன்."

"என்ன ஆச்சு சார்?"

"எல்லாம் உருகி வர்க்கியோட ஒட்டிக்கிச்சு சம்பந்தி. பேக்கரிக்காரர் இனிமே கடைக்கே வராதேன்னுட்டார்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் என்னைப் பார்த்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். எச்சில் கையோடு போய்க் கட்டிலுக்கு அடியில் இருந்து மூட்டையை இழுத்தேன்.

"இருங்க சம்பந்தி," என்றேன், "எடுத்துப் பார்த்துச் சொல்றேன்."