தானாக வராத மெயில்

என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் பகுதியில் வேலை பார்த்தார். கடலில் இருக்கும்போது போன் பேச வழியில்லை, மெயில் மட்டும்தான். அதற்காகவே மெயில் வரும் போன் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஐப்பசியில் அவர்கள் கப்பல் ஏடன் வளைகுடாப் பக்கம் போக வேண்டியிருந்தது. கடற்கொள்ளையர்கள் கப்பல்களைப் பிடித்துவைத்திருந்த காலம் அது. ‘தாண்டியதும் எழுதுகிறேன்’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

இங்கே எங்கள் ஊர் தலத்தெருவில் மழை விடவில்லை, கரண்டும் நின்றுபோனது. பக்கத்துத் தருமபுரத்தில் இன்வெர்ட்டர் இருந்த சொந்தக்காரர் வீட்டில் காலையில் முழுக்க சார்ஜ் ஏற்றி வந்தேன். மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. யாரிடமும் பேசவில்லை, ஆனாலும் போன் கையில் சுட்டது. அணைந்துபோனால் அவர் செய்தி எப்படி வந்து சேரும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை மச்சி என்று கூப்பிடும், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் நாத்தனார் போனை வாங்கி எதையெதையோ திறந்து பார்த்தாள்.

“மெயில் வந்துருக்கான்னு இது சும்மா சும்மா போயித் தேடுது மச்சி. மழையில டவரும் சரியா கெடைக்கல. அதான் சார்ஜ் இப்புடி எறங்குது. தானா தேடுறத நிறுத்திரவா?”

“நிறுத்துனா அவங்க போடுற மெயில் வராமப் போயிருமா?”

“எங்கயும் போவாது. நாமளா அமுக்குனாத்தான் காட்டும், அவ்வளவுதான்.”

மனசே இல்லாமல் தலையாட்டினேன். ஐந்து வேளையும் அந்தந்த வக்துத் தொழுகை முடிந்ததும் ஒரு தடவை பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். இடையில் என் கை சும்மா இருக்காது என்று தெரிந்து, போனை மாமியாரிடம் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு குர்ஆனில் யாசீன் அத்தியாயத்தை ஓதினார்.

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. கொல்லைப்புறம் போய், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அழுதேன். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு நாத்தனார் அமுக்கினாள். சார்ஜ் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. திரையில் ஏதோ சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பிறகு அவர் பெயர் வந்தது.

ஆங்கில எழுத்தில் தமிழ். “தாண்டிட்டோம். எல்லாரும் நல்லா இருக்கோம். உம்மாகிட்ட சொல்லு.”

அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன். லுஹர் தொழுகை முடிந்து நாங்கள் பார்த்த சற்று நேரத்திலேயே வந்திருக்கிறது. நான் கொல்லையில் நின்று அழுதபோது அது எங்களுக்காகக் காத்துக்கிடந்திருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

மாமியார் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“திரும்பி வர்றப்பவும் அந்த வழியாத்தான் வரணுமாம்மா?”

அதை என் கணவர் எழுதியிருக்கவில்லை.