பலகைக்கு அந்தப் பக்கம்

பிள்ளைகளா, அப்பா கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன் என்றதும் மேசைமேல் இருக்கிற சின்னப் பெட்டியை நினைக்காதீர்கள். கோலாலம்பூர் ஆபீஸில் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற மெயின்பிரேம் அது. இயந்திரம் ஒன்றுதான். உள்ளே அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு தனிக் கம்ப்யூட்டர் போல ஓட்டினார்கள். நாம் முதலில் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டை நடுவே பலகை அடித்து இரண்டு குடும்பத்துக்கு விட்டிருந்தார்களே, அதே கதை. அந்தப் பக்கம் இருமினால் இங்கே கேட்கும். ஆனால் அம்மா ஒரு கிண்ணம் குழம்பு கொடுக்க வேண்டுமென்றால் வாசலுக்கு வந்து, ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். எங்கள் இயந்திரத்திலும் ஒரு பாதியின் தகவல், கேபிள் வழியாக வெளியே ஒரு பெட்டிக்குப் போய், ஆடி அசைந்து மறு பாதிக்குள் நுழையும்.

ஒரு பாதி என் பொறுப்பு; இன்னொரு பாதியைப் பார்த்துக்கொண்டவன் கிள்ளான் பக்கத்து மேரு ஊரிலிருந்து வருகிறவன், என்னைவிட இளையவன். கிளை ஆபீஸ்களின் கணக்கு எல்லாம் அவன் பக்கம் சேரும். கடைசிக் கிளை மூடியதும் மொத்தத்தையும் என் பக்கம் தட்டிவிட்டுப் பையைத் தூக்குவான்.

"வரேன் அண்ணே. உங்க கேபிள்ல இன்னிக்கும் டிராபிக் ஜேம் போல லா!"

அது வந்து சேரும்வரை காத்திருந்து, அச்சடித்து முடித்து, நான் கிள்ளான் வீட்டுக்கு வரும்போது நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

அந்தச் சமயம் பகல் ஷிப்ட் லீடர் இடம் காலியானது. அது கிடைத்தால் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வரலாம். மேனேஜர் கண்ணில் படுவதோ முதலில் முடிக்கிறவன். எனக்கு வயிறு எரிந்தது. அவன் பக்கத்துக்கு மட்டும் நல்ல லைன் கொடுத்திருக்கிறார்கள் என்றே நம்பினேன். மேனேஜரும் தமிழர்தான்; நேராகப் போய், "பாஸ், கொஞ்ச நாளைக்கு எங்க ரெண்டு பேரையும் மாத்திப் போடுங்க" என்றேன். மாற்றினார்.

அவன் நாற்காலி சுகமாகத்தான் இருந்தது. மத்தியானம் அவன் என்னிடம் வந்தான். மேனேஜரும் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, ஒவ்வொரு கிளையா வர வர அனுப்பிடுங்களேன்."

"எல்லாம் சேர்ந்தப்புறம் அனுப்புறதுதானே வழக்கம்?"

"சேர்த்து வச்சா அந்தக் கேபிள் தாங்குமா? கொஞ்சம் கொஞ்சமா வந்தா நான் இப்பவே வேலைய ஆரம்பிச்சிருவேன் லா."

மேனேஜர் முன்னால் எப்படி மறுப்பது? அனுப்பினேன். கடைசிக் கிளை மூடியபோது மிச்சமிருந்தது ஒரு துளிதான். நான் பையை எடுத்தபோது அவனும் பையை எடுத்தான். அதே கேபிள், அதே வேகம்.

"நீ இங்க இருந்தப்ப எனக்கு ஏன்டா இப்படி அனுப்பல?"

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணே!"

உண்மைதான். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. மத்தியானத்திலிருந்து அனுப்பிய கை என்னுடையது, நல்ல பெயர் அவனுடையது. லீடர் வேலையும் அவனுக்கே போனது.

ஆனால் அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பத் தொடங்கிய அன்றிலிருந்து என்னாலும் சீக்கிரம் கிளம்ப முடிந்தது. முதல் தடவை விளக்கேற்றும் நேரத்தில் நான் வாசலில் செருப்பைக் கழற்றியதும் நீங்கள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டீர்கள். அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை.

"என்னங்க, இவ்ளோ சீக்கிரம்? யார் செஞ்ச புண்ணியம்?"

அவன் பெயர் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"லைனைச் சரி பண்ணிட்டாங்க" என்றேன்.