மலைப்பாதையை யாரும் கேட்கவில்லை

பதினோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அலாரம். ஏழு பத்து என்றால் ஏழு பத்துதான். தெருமுனையில் அவர் பிரேக் போடும் சத்தம் கேட்டுத்தான் சில வீடுகளில் ஷூவையே தேட ஆரம்பிப்பார்கள். பள்ளிக்கூடம் பேருந்துகளை விற்றுவிட்டு வாடகை வேன்களுக்கு மாறியபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

கையில் ஹெவி லைசன்ஸ் இருந்தது. ஒரு சரக்கு நிறுவனத்தில் நெடுந்தூர லாரிக்கு ஆள் எடுத்தார்கள். வீடு வீடாகச் சாமான் இறக்குகிற வேலை இல்லை. இந்த ஊர் டிப்போவில் பூட்டிய டிரெய்லரை இழுத்துப் போய் அடுத்த ஊர் டிப்போவில் விட்டுவிட்டு, அங்கிருந்து வேறொன்றை இழுத்து வர வேண்டும். மூட்டை தூக்க வேண்டாம் என்ற ஒரு வார்த்தைக்காகவே சேர்ந்துவிட்டார்.

டிரிப் போடுகிற சூப்பர்வைசர் முதல் நாளே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

“உங்களுக்குன்னு ரூட் கிடையாது சார். பழைய ஆளுங்க எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. யாராவது லீவு போட்டா, சரக்கு கூடிப்போனா, கூப்பிடுவோம். கூப்பிட்டா ரெண்டு மணி நேரத்துல இங்க இருக்கணும்.”

“எத்தனை மணிக்குக் கூப்பிடுவீங்க?”

“அது தெரிஞ்சா நான் ஏன் இந்த நாற்காலில உக்காந்திருக்கேன்?”

நான்கு நாட்கள் போன் அசையவில்லை. குளிக்கப் போனாலும் கூடவே எடுத்துப் போய் சோப்புப் பெட்டி மேல் வைத்தார். ஐந்தாம் நாள், இனி வராது என்று தலைமுடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தபோது வந்தது. பாதி முடி வெட்டிய தலையோடு டிப்போவுக்குப் போனவரிடம் வாட்ச்மேன் இரண்டு முறை அடையாள அட்டை கேட்டார்.

அதற்குப் பிறகு நாள் கிழமை எல்லாம் குழம்பியது. ஒரு நாள் விடியற்காலை, மறுநாள் மத்தியானம், அதற்கு மறுநாள் எல்லாரும் படுக்கப் போகிற நேரம். பகலில் தூங்க ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டினார். காலை எட்டு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு கேட்டார். ஆனால் ரோடு அவருக்குப் பிடித்துப்போனது. பின்னால் நாற்பது பிள்ளைகளின் கூச்சல் இல்லாமல் வண்டி ஓட்டுவது, காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த மாதிரி இருந்தது.

முதல் சம்பளம் வந்ததும் அந்தச் சந்தோஷத்தில் பாதி போயிற்று. மணிக்கணக்கு இல்லை, கிலோமீட்டர் கணக்கு. ஓடிய தூரத்துக்குத்தான் காசு. எதிர் டிப்போவில் டிரெய்லர் தயாராகாமல் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று அவர் உட்கார்ந்திருந்ததெல்லாம் தாளில் எங்கேயும் இல்லை.

“பஸ் ஓட்டினப்பவே இதைவிட அதிகம் வந்துச்சு,” என்றார் மனைவியிடம்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். “அந்த ஒப்பந்தத் தாளைக் கொடுங்க,” என்றார்.

“எறும்பு எழுத்துல இருக்கு. கண்ணு வலிக்கும்.”

“பதினஞ்சு வருஷமா டாக்டருங்க கையெழுத்தைப் படிக்கிறேன். இது அச்சுல இருக்கு, போதாதா?”

ஆறாவது பக்கத்தில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தனிப் படி உண்டு. டிரெய்லர் மாட்டிக் கழற்றுவதற்கும் தனியாக உண்டு. ஆனால் டிரிப் ஷீட்டில் நேரம் எழுதி, அந்த டிப்போ ஆளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அலாரம் ஒன்றுக்குக்கூட வாங்கவில்லை. காத்திருக்கும் நேரத்துக்குக் காசு உண்டா என்று கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று இருந்துவிட்டார்.

மறுநாள் சம்பளப் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த அம்மா வண்டிகள் வந்து போன நேரம் எழுதிய கேட் பதிவைப் புரட்டி, மூன்று காத்திருப்புக்கு மட்டும் பணம் சேர்த்துக் கொடுத்தார். “மத்ததுக்கு ஆதாரம் இல்லைங்க. அழுத பிள்ளைக்குத்தான் பால்,” என்றார். அன்றிலிருந்து அலாரம் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டார். ஒன்று எழுத, இன்னொன்று “என்கிட்ட பேனா இல்லையே” என்கிற டிப்போ ஆட்களுக்கு.

சம்பளம் நிமிர்ந்தது. நேரம் நிமிரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு வயது மகள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “எத்தனை நாள் தங்குவீங்கப்பா?” என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் சிரித்தார், ஆனால் அன்று பகல் தூக்கம் வரவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரூட் தேர்வு. பணிமூப்புப் பட்டியல்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள்; பலகையில் எழுதியிருப்பதில் பிடித்த ரூட்டை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். இருபத்தாறு பேரில் அலாரம் இருபத்தாறாவது. அவர் முறை வந்தபோது பலகையில் மிச்சம் இருந்தது மலைப்பாதை ஒன்றுதான். ஏகப்பட்ட வளைவு, கிலோமீட்டர் கம்மி, அதனால் காசும் கம்மி. காலை பத்துக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்ப வேண்டும்.

“வேணாம்னா போன் லிஸ்ட்லயே இருக்கலாம்,” என்றார் சூப்பர்வைசர்.

“எழுதுங்க சார்,” என்றார் அலாரம்.

யாரும் தொடாத முள்பழத்துக்குள் பலாச்சுளை இருந்தது. பாதி வழியில், மலை உச்சியில் லாரிகள் நிறுத்தும் ஒரு யார்டு. எதிர் ஊரிலிருந்து ஓர் அக்கா லாரி ஓட்டி வருவார். இருவரும் டிரெய்லரை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அந்த அக்கா இவரைவிட நேரம் பார்க்கிறவர். காத்திருப்பே இல்லை. மாதம் இவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு மகள் எதிரே உட்கார்ந்தாள்.

சந்தோஷம் தாங்காமல் அதை டிப்போ கேன்டீனில் சொல்லித் திரிந்தார். குளிர்ந்த காற்று, டிராஃபிக் கிடையாது, எட்டு மணிக்கு வீடு என்று ஆறு மாதமும் பாடினார். நுணலும் தன் வாயால் கெடும். அடுத்த தேர்வில் நான்காவது ஆளாக எழுந்த ஒரு சீனியர், “மலைப்பாதை,” என்றார்.

அலாரத்துக்கு முகம் விழுந்துவிட்டது. இந்த முறை அவர் பதினெட்டாவது ஆள். ஐந்து பேர் ஓய்வு பெற்றிருந்தார்கள், மூன்று பேர் வேறு டிப்போவுக்குப் போயிருந்தார்கள். பலகையை இரண்டு தடவை படித்துவிட்டு, விடியற்காலை நான்கு மணி ரூட்டை எடுத்தார். சமவெளிச் சாலை, மலையைவிட எண்பது கிலோமீட்டர் கூடுதல். மத்தியானம் இரண்டுக்கு வீடு. மகள் பள்ளிவிட்டு வரும்போது வீட்டு வாசலில் நிற்கலாம்.

ஒரு வாரம் கழித்து அந்தச் சீனியர் கேன்டீனில் கேட்டார்: “புது ரூட் எப்படிப்பா இருக்கு?”

அலாரம் டீயை ஊதினார். “ரொம்ப மோசம்ணே. முதுகு போயிடும்,” என்றார்.